மூன்று எழுத்துக்கு முந்நூறு ரூபாய்

கடலூர் மாவட்டத்தில் நிலையான மாத வருமானம் வேண்டுமென்றால் நெய்வேலியில் வேலை கிடைக்க வேண்டும், இல்லாவிட்டால் அரசு உத்தியோகம். இந்த இரண்டைவிடவும் உறுதியான மூன்றாவது வழி ஒன்று இருக்கிறது. சாயங்காலம் திறக்கிற ஒரு கிளினிக்கும், சாகிற வரை மாத்திரை சாப்பிட்டே ஆகவேண்டிய ஐந்நூறு ஜனங்களும் இருந்தால் போதும். சுகர்க்காரர், பிரஷர்க்காரர், தைராய்டுக்காரர், ஸ்டென்ட் வைத்தவர், வலிப்புக்காரர் என்று யாரானாலும் சரி. இவர்கள் குணமாகிப் போய்விடுவார்கள் என்ற பயம் டாக்டருக்கு வேண்டாம்.

காய்ச்சல்காரனை நம்பித் தொழில் நடத்த முடியாது. நாலு நாளில் எழுந்து வேலைக்குப் போய்விடுவான், நன்றி கெட்டவன். சுகர்க்காரர் அப்படியல்ல. நாற்பத்தைந்து வயதில் வந்து சேர்ந்தால் எழுபத்தைந்து வரை மாதம் தவறாமல் வருவார். வரும்போதெல்லாம் அதே மெட்பார்மின், அதே கிளிமிப்ரைடு, அதே பிரஷர் மாத்திரை. டாக்டர் புதிதாக யோசிக்க எதுவும் இல்லை. பழைய சீட்டின் கீழே தேதி போட்டு மூன்றே எழுத்து எழுதினால் முடிந்தது: சி.எஸ்.டி. ‘கன்டினியூ சேம் ட்ரீட்மென்ட்’ என்பதன் சுருக்கம். அதாவது, சாப்பிட்டதையே சாப்பிடு. இதற்கு முந்நூறு ரூபாய், எழுத்துக்கு நூறு. தமிழில் எழுதிப் பிழைக்கிற என் போன்றவர்கள் இந்த விகிதத்தை நினைத்தாலே வயிறு எரிகிறது.

வருஷத்துக்கு மூவாயிரத்து அறுநூறு. இருபது வருஷத்துக்கு எழுபத்திரண்டாயிரம். மருந்து விலை இதில் சேராது. பஸ் கட்டணம் சேராது. அன்றைக்குப் போன நடவுக் கூலி சேராது. சொந்த உடம்பில் குடியிருக்க மாதாமாதம் கட்டுகிற வாடகை இது.

சிதம்பரத்தில் தேரோடும் வீதியை ஒட்டிய சந்துகளில் ஒன்றுக்குச் சாயங்காலம் நாலரைக்குப் போனால் இந்த வாடகை வசூலைப் பார்க்கலாம். டோக்கன் கொடுக்க ஆரம்பித்திருப்பார்கள். டாக்டர் ஆறேகாலுக்கு முன்னால் வரமாட்டார் என்பது டோக்கன் கொடுக்கும் பெண்ணுக்கும் தெரியும், வாங்குகிறவருக்கும் தெரியும். பிளாஸ்டிக் நாற்காலி பத்து இருந்தால் நோயாளி நாற்பது பேர். மீதிப் பேர் செருப்பு விடுகிற இடத்தில் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். புவனகிரியிலிருந்து வந்த வாத்தியார், கிள்ளையிலிருந்து மீன் கூடையை யாரிடமோ ஒப்படைத்துவிட்டு வந்த ஆயா, குமராட்சிப் பக்கத்திலிருந்து மருமகளைத் துணைக்கு அழைத்து வந்த பெரியவர். எல்லார் கையிலும் ஒரு மஞ்சள் பை. பைக்குள் பிளாஸ்டிக் கவர். கவருக்குள் எண்ணெய் பிசுக்கேறிய பழைய சீட்டுகள், காலியான மாத்திரை அட்டைகள். காலி அட்டையைத் தூக்கிப் போட்டுவிடக் கூடாது. இந்த ஜனங்களின் மருத்துவ ஆவணக் காப்பகம் அதுதான்.

டாக்டர் வந்து உட்கார்ந்ததும் முதலில் உள்ளே போகிறவர் டோக்கன் ஒன்றுக்காரர் என்று நினைத்தால் நீங்கள் வெளியூர். டை கட்டி, கனத்த பையோடு நிற்கும் மருந்துக் கம்பெனி ரெப் போவார். அவர் வெளியே வந்ததும் இன்னொருவர். ஆயாவின் டோக்கன் இருபத்து மூன்று. மருந்துக் கம்பெனிகள் டாக்டர்களுக்கோ அவர்கள் குடும்பத்துக்கோ அன்பளிப்பு தரக் கூடாது, வெளிநாட்டுச் சுற்றுலாவுக்கு அனுப்பக் கூடாது என்று 2024 மார்ச்சில் மத்திய அரசு ஒரு நடத்தை நெறித் தொகுப்பு வெளியிட்டது. மீறினால் யார் விசாரிப்பது? அந்தந்தக் கம்பெனிகள் சேர்ந்து வைத்திருக்கும் சங்கமே ஒரு குழு போட்டு விசாரிக்கும். திருடர்கள் சங்கத்தின் ஒழுங்கு நடவடிக்கைக் குழு என்று நான் எழுதினால் அவதூறு என்பார்கள். எழுதவில்லை.

‘ஆயா, உள்ள போ. சீட்ட கையில எடுத்து வச்சிக்க.’ என்கிறாள் டோக்கன் கொடுக்கும் பெண். எனக்கு மட்டும், ‘நீங்க கொஞ்சம் உக்காருங்க சார்.’ ஒரே நோய், ஒரே பீஸ்; மரியாதையை மட்டும் சட்டையைப் பார்த்து அளக்கிறார்கள்.

கதவு சரியாகச் சாத்தாது, ஆகவே உள்ளே நடப்பது வெளியே கேட்கும். ‘எப்டி இருக்கீங்க?’ என்று டாக்டர் சீட்டைப் பார்த்துக் கேட்கிறார். பதில் சீட்டிலிருந்து வரும் என்ற நம்பிக்கையோ என்னவோ. ‘ரெண்டு காலும் மதமதன்னு இருக்குது சாமி. செருப்பு கழண்டு போனாக்கூடத் தெரிய மாட்டேங்குது.’ பேனா அதற்குள் ஓடிவிட்டது. ‘வயசாச்சில்ல? அப்படித்தான் இருக்கும். அதே மாத்திரைய சாப்புடுங்க. அடுத்த மாசம் வாங்க.’ கதவு திறக்கிறது. ‘டோக்கன் இருபத்து நாலு!’

செருப்பு கழன்றது தெரியாத கால் என்பது சுகர் நரம்பைத் தின்ன ஆரம்பித்துவிட்ட கால். முள் குத்தினால் தெரியாது, கல் அறுத்தால் தெரியாது, புண் ஆறாது, அப்புறம் விரல் போகும், அப்புறம் பாதம் போகும். இதைக் கண்டுபிடிக்கப் பெரிய மெஷின் வேண்டாம். ஒரு நைலான் இழையால் உள்ளங்காலைத் தொட்டுப் பார்த்தாலே உணர்ச்சி இருக்கிறதா இல்லையா என்று தெரிந்துவிடும். சுகர்க்காரரிடம் உண்மையிலேயே பார்க்க வேண்டியவை உண்டு: மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை, கிரியாட்டினின், சிறுநீரில் புரதம், வருஷத்துக்கு ஒரு தடவை கண்ணின் விழித்திரை, கால். இவற்றைப் பார்த்துவிட்டு முந்நூறு என்ன, ஐந்நூறு வாங்கினால்கூட வாயை மூடிக்கொண்டு கொடுத்துவிட்டு வரலாம். மாதாமாதம் வரச்சொல்வது நோயைக் கண்காணிக்கத்தான் என்று டாக்டர்கள் சங்கத்தில் யாராவது விளக்கம் சொல்ல வந்தால், அந்த ஆயாவின் காலைக் காட்டிவிட்டுப் பேசச் சொல்லுங்கள்.

பணம் கட்டும் இடத்துக்கு வருவோம். சிதம்பரத்தில் இன்றைக்கு பூக்காரம்மா முழத்துக்கு ஜிபே வாங்குகிறார். இளநீர்க்காரர் வண்டியில் க்யூஆர் தொங்குகிறது. கிளினிக்கை ஒட்டியிருக்கும் மெடிக்கலிலும் க்யூஆர் ஒட்டியிருக்கிறது. டாக்டர் பீஸ் மட்டும் கேஷ். ‘சார், நெட்வொர்க் இல்ல, கேஷாவே குடுத்துடுங்க’ என்கிறாள் டோக்கன் கொடுக்கும் பெண். ஆறடி தள்ளி மெடிக்கல் கவுண்டரில் அதே நெட்வொர்க் பிரமாதமாக வேலை செய்கிறது. ரசீது கேட்டால் அந்தப் பெண் என்னைப் பார்க்கிற பார்வையில், கல்யாண வீட்டில் மொய்க்கு ரசீது கேட்டவன் ஆகிவிடுகிறேன். அவளைத் திட்டி என்ன பயன்? அவள் சம்பளம் அந்த மேஜை டிராயரில் விழும் நோட்டுகளில் எத்தனை பேருடைய பீஸ் என்று எண்ணிவிடலாம்.

அடுத்தது மெடிக்கல். கிளினிக் கதவும் மெடிக்கல் கதவும் ஒரே வராந்தாவில் திறக்கும். வாஸ்து அப்படி. சீட்டை அங்கே நீட்டினால்தான் படிக்கத் தெரிந்த ஆள் கிடைப்பார். வேறு கடைக்குப் போனால் எழுத்தைப் பார்த்துத் தலையைச் சொறிவார்கள். சிதம்பரத்துக்காரன் இதை ரகசியம் என்று சொல்லியிருக்க வேண்டும். ஆனால் கோயிலில் திரையை விலக்கிக் காட்டவாவது ஆள் உண்டு. எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டாலும், ‘இந்தக் கம்பெனி நம்ம கிட்ட வராது சார், அவர் கிளினிக்லயே கேளுங்க’ என்பார்கள். வராதுதான். இமாசலப் பிரதேசத்தில் எங்கோ ஓர் ஆலையில் அதே மெட்பார்மினை அடித்து, வேறு வேறு பெயர் போட்ட அட்டைகளில் ஒட்டிக் கொடுப்பார்கள். பெயரும் அட்டையும் யாருடையவை என்பது ஏற்பாட்டைப் பொறுத்தது. வாங்கும் விலை ஒன்று, அட்டையில் அச்சடித்த விலை வேறொன்று, நடுவில் இருக்கிற பள்ளத்தில் ஒரு காரே ஓடும். ஓடிக்கொண்டும் இருக்கிறது.

சரி, கடைக்காரர் மனசு வைத்து, ‘ஆயா, இதே மருந்து வேற பேர்ல பாதி விலைக்கு இருக்குது, தரட்டா?’ என்று கேட்கலாமே? கேட்கக் கூடாது. மருந்து விதிகளில் 65ஆவது விதியின் 11-ஏ பிரிவு தடுக்கிறது. சீட்டில் எழுதிய மருந்துக்குப் பதிலாக, உள்ளே அதே பொருள் இருந்தாலும் சரி, வேறொன்றைக் கொடுக்கக் கூடாது. கடைக்காரர் நோயாளியை ஏமாற்றக் கூடாது என்று போட்ட விதி, டாக்டர் எழுதிய கம்பெனிக்குக் காவல்காரனாக நிற்கிறது. 2025 பிப்ரவரி 24ஆம் தேதி தமிழ்நாடு முழுக்க ஆயிரம் முதல்வர் மருந்தகங்களைத் திறந்தார்கள். மத்திய அரசின் மக்கள் மருந்தகங்கள் அதற்கு முன்பே இருக்கின்றன. நல்லதுதான். ஆனால் ஆயாவின் சீட்டில் இருப்பது மருந்தின் பெயர் இல்லை, கம்பெனி வைத்த செல்லப் பெயர். அதை எடுத்துக்கொண்டு அங்கே போனால் என்ன கிடைக்கும்?

மருந்தின் மூலப்பெயரைத் தெளிவாக, முடிந்தால் பெரிய எழுத்தில் எழுத வேண்டும் என்று டாக்டர்களுக்கான நடத்தை விதியில் 2016ஆம் ஆண்டிலேயே திருத்தம் வந்துவிட்டது. யாரும் கண்டுகொள்ளவில்லை. 2023 ஆகஸ்ட் 2ஆம் தேதி தேசிய மருத்துவ ஆணையம் இன்னும் கறாராக, மூலப்பெயரைத்தான் எழுத வேண்டும், மீறினால் லைசென்ஸுக்கே சிக்கல் என்று புதிய விதியைக் கொண்டுவந்தது. டாக்டர்கள் சங்கம் எழுந்து நின்றது. அதே ஆகஸ்ட் 23ஆம் தேதி விதியை நிறுத்திவைத்துவிட்டார்கள். ஆயா வாங்கிய ஒரு மாத மாத்திரை தீர்வதற்குள் விதி தீர்ந்துவிட்டது.

இனி இந்த ஊரில் யாரும் சொல்லாத ஒரு செய்தி. மாதாமாதம் போகத் தேவையே இல்லை என்று சட்டமே சொல்கிறது.

மருந்துகள் சட்டம் 1940ஆம் ஆண்டுக்காரர், அதன் விதிகள் 1945. வெள்ளைக்காரன் காலத்தவை. 65ஆவது விதியின் 11ஆம் பிரிவைப் படித்துப் பாருங்கள். டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத ‘எச்’ அட்டவணை மருந்து எழுதிய சீட்டை வைத்து ஒரு முறைக்கு மேல் மருந்து கொடுக்கக் கூடாது. இதுவரை எல்லா டாக்டர்களுக்கும் மனப்பாடம். வாக்கியம் அங்கே முடியவில்லை. எழுதிய டாக்டரே ‘ஒரு முறைக்கு மேல் கொடுக்கலாம்’ என்று சீட்டில் குறித்திருந்தால் கொடுக்கலாம். இத்தனை முறை, இத்தனை நாள் இடைவெளியில் என்று குறித்திருந்தால் அந்தக் கணக்குப்படியே கொடுக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் கடைக்காரர், டாக்டரின் கையெழுத்துக்கு மேலே தன் கடைப் பெயரையும் முகவரியையும் தேதியையும் குறிக்க வேண்டும். எவ்வளவு ஒழுங்கான ஏற்பாடு! டாக்டர் ‘மாதம் ஒரு முறை வீதம் ஆறு முறை வழங்கலாம்’ என்று ஒரு வரி எழுதிவிட்டால், கிள்ளை ஆயா கிள்ளையிலேயே மருந்து வாங்கிக்கொண்டு ஆறு மாதம் கழித்து வந்தால் போதும். அந்த ஒரு வரிக்கு ஆகிற மை காசு பெறாது. எழுதாமல் விட்டால் டாக்டருக்கு ஆயிரத்து ஐந்நூறு ரூபாய் மிச்சம், ஓர் ஆயாவுக்கு. ஐந்நூறு பேருக்குக் கணக்குப் போட்டுப் பாருங்கள். நான் போட்டுப் பார்த்தேன், அன்றைக்கு எனக்கே பிரஷர் ஏறியது.

எழுதித் தருகிற டாக்டர்கள் இல்லாமல் இல்லை. கடலூரிலும் இருக்கிறார்கள், சிதம்பரத்திலும் இருக்கிறார்கள். மூன்று மாதத்துக்கு எழுதி, ‘நடுவுல எதாச்சும்னா மட்டும் வாங்கம்மா’ என்று அனுப்புகிறவர்கள். அவர்கள் கிளினிக்கில் ஏசி இருக்காது. வியாசர்பாடியில் ஐந்து ரூபாய்க்கு வைத்தியம் பார்த்த டாக்டர் திருவேங்கடம் 2020 ஆகஸ்டில் காலமானபோது நாமெல்லாரும் ஸ்டேட்டஸ் வைத்துக் கண்ணீர் விட்டோம். கண்ணைத் துடைத்துக்கொண்டு டோக்கன் வாங்கப் போனோம்.

அதே வருஷம் மார்ச் 25ஆம் தேதி, ஊரடங்கின் முதல் நாள், மத்திய அரசு தொலைமருத்துவ வழிகாட்டு நெறி ஒன்று வெளியிட்டது. ஏற்கனவே பார்த்த நோயாளிக்கு நாள்பட்ட நோயின் மாத்திரையை போனிலோ வாட்ஸாப்பிலோ மறுபடி எழுதிக் கொடுக்கலாம் என்று அதில் தெளிவாகவே இருக்கிறது. அப்போது எல்லா டாக்டர்களும் கொடுத்தார்கள். நோயாளியைக் கண்டு டாக்டர் பயந்த காலம் அது. சீட்டு வாட்ஸாப்பில் பறந்து வந்தது, பீஸ்கூட ஜிபேயில் போனது. நெட்வொர்க் அப்போது சிதம்பரத்தில் நன்றாக இருந்திருக்கிறது. கொரோனா அடங்கிய மறுவாரமே, ‘நேர்ல வராம மாத்திரை எழுதறது சட்டப்படி தப்பு’ என்று ஒரு சட்டம் கிளினிக் சுவரில் முளைத்தது. நெறியை யாரும் திரும்பப் பெறவில்லை. பயம்தான் திரும்பிப் போயிருந்தது.

இதில் இன்னொரு கூத்து. மாதாமாதம் முந்நூறு கொடுக்க முடியாதவர்கள் என்ன செய்கிறார்கள்? காலி அட்டையைக் கொண்டுபோய்க் கடலூர் திருப்பாதிரிப்புலியூரிலோ முதுநகரிலோ ஏதாவது ஒரு கடையில் நீட்டுகிறார்கள். ‘இதே மாதிரி முப்பது குடுப்பா.’ கொடுக்கிறார்கள். சீட்டு கேட்பதில்லை, வருஷம் கேட்பதில்லை, சிறுநீரகம் எப்படியிருக்கிறது என்று கேட்பதற்கு அவர்கள் யார்? டாக்டரைப் பார்த்து எட்டு வருஷம் ஆனவர்கள் அதே மாத்திரையைச் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார்கள். ஆக, சட்டத்தை மதிக்கிறவர் தேவையில்லாமல் மாதம் ஒரு முறை டாக்டரைப் பார்க்கிறார். மதிக்க வசதியில்லாதவர் தேவை வந்தும் பார்ப்பதில்லை. ஆறு மாதச் சீட்டு என்ற ஒன்றை வழக்கத்தில் விட்டிருந்தால் இரண்டு பேரும் வருஷத்துக்கு இரண்டு தடவை ஒழுங்காக வந்திருப்பார்கள்.

‘கவர்மென்ட் ஆஸ்பத்திரி இருக்குல்ல, அங்க போறது?’ என்று கேட்பீர்கள். இருக்கிறது, மறுக்கவில்லை. 1994இல் தொடங்கிய தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் மருந்தை மொத்தமாகக் கொள்முதல் செய்து மாவட்டக் கிடங்குகள் வழியாக ஆஸ்பத்திரிகளுக்கு அனுப்புகிற முறையை மற்ற மாநிலங்கள் வந்து பார்த்துக் காப்பி அடித்தன. அந்த மெட்பார்மின் இலவசம். 2021 ஆகஸ்ட் 5ஆம் தேதி கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ சுகர், பிரஷர் மாத்திரையை வீட்டுக்கே கொண்டுவருகிறது. 2024இல் ஐ.நா. விருது வாங்கியது. மாத்திரை வீடு தேடி வருவது சாத்தியம், அதற்கு டோக்கன் வேண்டாம், மூன்றெழுத்து வேண்டாம் என்பதை நிரூபித்துக் காட்டிய திட்டம் அது. என் தெருவிலேயே பெண் தன்னார்வலர் வந்து பெரியவர்களைத் திண்ணையில் உட்காரவைத்து பிரஷர் பார்த்துவிட்டுப் போகிறார். டாக்டர் பார்க்காத முகத்தை அவர் பார்க்கிறார்.

அப்படியிருந்தும் ஆயா ஏன் சந்து கிளினிக்குக்குப் போகிறார்? சொல்கிறேன். காலையில் அரசு ஆஸ்பத்திரி ஓபியில் அவருக்கு எழுதிக் கொடுக்கிறவரும், சாயங்காலம் கிளினிக்கில் எழுதிக் கொடுக்கிறவரும் சில சமயம் ஒரே ஆள். தமிழ்நாட்டில் பணி நேரம் போக அரசு டாக்டர் தனியாக வைத்தியம் பார்க்கலாம், சட்டப்படி தவறில்லை. காலையில் கூட்டம் நெரிகிறது, வரிசை வாசலைத் தாண்டுகிறது, மருந்து கொடுக்கும் ஜன்னலில் ஒரு மாதத்துக்கு எழுதியிருந்தால் சில நாள் பதினைந்து நாளைக்குத்தான் கிடைக்கிறது. ‘ஸ்டாக் வரலம்மா, அப்புறம் வா.’ அப்புறம் வருவதற்கு இன்னொரு நாள் கூலி. இதற்கிடையில் யாரோ ஒருவர் காதில் போட்டுவிடுகிறார்: ‘கவர்மென்ட் மாத்திரைல பவர் இல்ல ஆயா. சாயங்காலம் கிளினிக்குக்கு வந்துடு.’ காலையில் இலவசமாக இருந்த அதே மூன்றெழுத்து மாலையில் முந்நூறு ரூபாய் ஆகிறது. காலையில் கையெழுத்தில் இல்லாத பவர் ஆறேகாலுக்கு ஏறிவிடுகிறது. ஆயாவின் முதியோர் உதவித்தொகை ஆயிரத்து இருநூறு ரூபாய். அரசாங்கம் ஒரு கையால் கொடுப்பதில் கால்பங்கை, காலையில் அரசாங்கச் சம்பளம் வாங்குகிற கை மாலையில் திருப்பி வாங்கிக்கொள்கிறது. இதற்குப் பொருளாதாரத்தில் ஏதாவது பெயர் இருக்கும்.

பெரிய ஆஸ்பத்திரி கதை இன்னும் ரசமானது. அண்ணாமலை நகரில் 1985இல் தொடங்கிய ராஜா முத்தையா மருத்துவக் கல்லூரி இருக்கிறதே, 2013இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தை அரசு எடுத்துக்கொண்டபோது அதுவும் அரசுடையதானது. கட்டணம் மட்டும் தனியாருடையதாகவே இருந்தது. மற்ற அரசுக் கல்லூரிகளில் எம்.பி.பி.எஸ். படிக்க அப்போது வருஷத்துக்கு 13,610 ரூபாய், இங்கே 5.44 லட்சம். 2020 டிசம்பரில் கட்டணத்தைக் குறைக்கச் சொல்லி மாணவர்கள் வராந்தாவில் உட்கார்ந்தார்கள். ஐம்பது நாளுக்கு மேல் உட்கார்ந்த பிறகு, 2021இல் அரசாங்கத்துக்குத் தன் கல்லூரி தன்னுடையது என்று நினைவு வந்தது, கட்டணம் குறைந்தது. கையோடு அதற்குக் கடலூர் பெயரை வைத்தார்கள். கடலூர் மருத்துவக் கல்லூரி, இருப்பது சிதம்பரத்தில். கடலூர் செம்மண்டலத்துக்காரர் தன் சொந்த ஊர்ப் பெயர் கொண்ட கல்லூரி ஆஸ்பத்திரிக்குப் போக நாற்பது கிலோமீட்டருக்கு மேல் பஸ் ஏறுகிறார். அதைவிடப் புதுச்சேரி ஜிப்மர் பக்கம் என்று மாநிலம் தாண்டுகிறவர்கள் ஏராளம். அந்த வராந்தாவில் உட்கார்ந்த பிள்ளைகளை நான் மறக்கவில்லை. லட்சக் கணக்கில் கட்டிப் படிக்க வைத்தால், போட்ட பணத்தை நாளைக்கு டாக்டர்கள் யாரிடமிருந்து எடுப்பார்கள் என்று அரசாங்கம் ஒரு நிமிஷம் யோசித்திருந்தால், அவர்கள் அங்கே உட்கார்ந்திருக்க வேண்டியிருக்காது.

மருந்துக்கும் கடலூருக்கும் இன்னொரு பந்தம் உண்டு. சிப்காட் தொழிற்பேட்டையில் மூலமருந்து தயாரிக்கும் ஆலைகள் இருக்கின்றன. மாத்திரையின் உயிர்ப்பொருள் கப்பலேறிப் போகிறது. குடிகாடு, ஈச்சங்காடு ஜனங்களுக்கு அந்த வட்டாரத்து நாற்றம் மிஞ்சுகிறது. அங்கே குடியிருப்பவர்களுக்கு வாழ்நாளில் புற்றுநோய் வரும் ஆபத்து, இயல்பைவிட இரண்டாயிரம் மடங்காவது அதிகம் என்று தேசிய சுற்றுச்சூழல் பொறியியல் ஆராய்ச்சி நிறுவனமான நீரியின் ஆய்வு 2007இலேயே சொன்னது. மருந்து அமெரிக்காவுக்கு, நோய் ஈச்சங்காட்டுக்கு, மூன்றெழுத்துச் சீட்டு சந்து கிளினிக்கில்.

ஆவணம் என்று ஒன்று கிளினிக்கில் இருக்கிறதா என்றால், அதுவும் இல்லை. டாக்டரிடம் ஒரு நோட்டு கிடையாது, கம்ப்யூட்டர் ரெப்புக்குப் படம் காட்ட மட்டும். எல்லாம் அந்த மஞ்சள் பையில். 2015 நவம்பர் வெள்ளத்திலும், 2024 டிசம்பரில் தென்பெண்ணை கரைபுரண்டு கடலூர் வீடுகளுக்குள் புகுந்தபோதும் அந்தப் பைகள் மிதந்து போயின. தண்ணீர் வடிந்த பிறகு வந்த பெரியவரிடம் டாக்டர் கேட்கிறார்: ‘என்ன மாத்திரை சாப்டுட்டு இருந்தீங்க?’ இவர் எழுதிக் கொடுத்ததுதான். பெரியவர் பயபக்தியோடு, ‘வெள்ளையா, ரவுண்டா இருக்கும் சார். இன்னொன்னு சின்னதா, ரோஸ் கலரு’ என்கிறார். ஆயுஷ்மான் பாரத் டிஜிட்டல் திட்டத்தில் ஒவ்வொருவருக்கும் பதினாலு இலக்க எண் கொடுக்கிறார்கள். எண் பத்திரமாக இருக்கிறது. எண்ணுக்குள் எதுவும் இல்லை.

லண்டன் ஈஸ்ட் ஹாமில் இருக்கிற நம்மூர்க்காரர்களிடம் கேட்டால் சொல்வார்கள். வழக்கமான மாத்திரைக்கு அங்கே டாக்டர் வாசலில் உட்கார வேண்டியதில்லை. போனில் குறித்துவிட்டால் சீட்டு நேரே மருந்துக்கடைக்குப் போய்விடும். மாத்திரை சாப்பிடும் சுகர்க்காரருக்கு இங்கிலாந்தில் மருந்துச் சீட்டுக் கட்டணமே இல்லை. வேல்ஸில் 2007 முதல் யாருக்குமே இல்லை. அங்கேயும் குறை உண்டு, டாக்டரைப் பார்க்கவே வாரக் கணக்கில் காத்திருக்கிறார்கள் என்று அவர்களும் புலம்புகிறார்கள். இருக்கட்டும். அந்த வெள்ளைக்காரன் நமக்கு எழுதி வைத்துவிட்டுப் போன விதியை அவன் ஊரில் நடத்துகிறான். நாம் அவனைத் துரத்தியதோடு, விதியில் நோயாளிக்குச் சாதகமான பாதியையும் கப்பலேற்றிவிட்டோம்.

ஒரு தடவை துணிந்து கேட்டுப் பார்த்தேன். ‘டாக்டர், மூணு மாசத்துக்கு ரிப்பீட் வாங்கலாம்னு ஒரு வரி எழுதிக் குடுத்துடுங்களேன்.’ அன்றைக்குத்தான் அவர் என் முகத்தைப் பார்த்தார். ‘நீங்க என்ன வேலை பாக்கறீங்க?’ என்றார். பத்திரிகையில் எழுதுகிறேன் என்றேன். ‘அதான்’ என்றார். சீட்டில் அதே மூன்றெழுத்து.

மருந்து ஆய்வாளர்கள் என்று ஒரு வர்க்கம் அரசாங்கத்தில் இருக்கிறது. கடைகளுக்குப் போய்ச் சோதனை செய்வது அவர்கள் வேலை. 65ஆவது விதி அவர்களுக்குப் பாடப்புத்தகம். கடலூரிலும் சிதம்பரத்திலும் உள்ள எந்த மெடிக்கலிலாவது, ‘ஆறு முறை வழங்கலாம்’ என்று டாக்டர் எழுதி, கையெழுத்துக்கு மேலே கடைப் பெயரும் தேதியும் வரிசையாகக் குறித்த ஒரே ஒரு சீட்டை அவர்கள் கண்டுபிடித்துக் காட்டட்டும். காட்டினால் அந்த மாதம் அந்தச் சந்து கிளினிக்கில் டோக்கன் வாங்குகிற நாற்பது பேருடைய பீஸையும் நானே கட்டுகிறேன். கேஷாக.